துடைப்பம் எக்ஸ்பிரஸ்

தருமபுரியில் ஒரு மொட்டைமாடி அறைக்குள் மொரப்பூர் ரயில் நிலையம் இருக்கிறது. எட்டடி நீளம், நாலடி அகலத்தில் பிளைவுட் பலகை. அதன்மேல் இரண்டு நடைமேடை, ஒரு கூட்ஸ் ஷெட், ஒரு வேப்பமரம். வேப்பமரம் என்பது தேய்ந்துபோன பாட்டில் பிரஷ். இதையெல்லாம் கட்டியவர் இந்தக் கட்டுரையாளர்தான். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சமாக இருப்பதால் இனி அவரை ‘அவர்’ என்றே வைத்துக்கொள்வோம். மானம் போனது வேறு யாருக்கோ என்று வாசகர் நினைத்துக்கொண்டால் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

மானம் போனது ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் மாடிக்கு அழைத்துப்போய், விளக்கைப் போட்டு, பெருமையாகக் கண்ட்ரோலரைத் திருப்பினார். பச்சை டீசல் எஞ்சின் ஒரு சாண் தூரம் போய் நின்றது. விரலால் தள்ளினார். இன்னொரு சாண் போனது. மறுபடி தள்ளினார். நடைமேடைக்கு அரையடி தூரத்தில் அது முழுசாக உயிரை விட்டது.

“சிக்னல் கிடைக்கலீங்களா?” என்று சம்பந்தி அக்கறையாகக் கேட்டார்.

“ஆமாங்க” என்றார் அவர். வேறு என்ன சொல்வது?

உண்மைக் காரணம் தூசி. நிஜ மொரப்பூரில், சென்னை – ஜோலார்பேட்டை – சேலம் மெயின் லைனில், எஞ்சின் தலைக்குமேல் இருக்கும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட்டை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. மாடி மொரப்பூரில் 12 வோல்ட் தண்டவாளத்திலேயே வருகிறது. அதைச் சக்கரம் தொட்டுத்தான் மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு மெல்லிய அழுக்குப் படலம் இருந்தால் போதும், கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். அதோடு சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்னப் பொறிகள் பறந்து, உலோகத்தைக் கருக்கி, மை போன்ற ஒரு கறையைப் பூசுகின்றன. ஓடாவிட்டால் தூசி, ஓடினால் கறை. தண்டவாளம் ‘நிக்கல் சில்வர்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி அறவே கிடையாது. கல்யாண வீட்டில் ‘ஜெர்மன் சில்வர்’ குத்துவிளக்கு வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நிஜ எஞ்சினுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? கனம். 123 டன் எடையுள்ள சரக்கு எஞ்சின் ஒன்று தூசியைப் பொருட்படுத்துவதே இல்லை. மாதிரி ரயிலில் எச்.ஓ. அளவு என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடையை 87-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். 123 டன் 187 கிராமாகிவிட்டது. கால் கிலோ கத்தரிக்காய்கூட இல்லை! ஆனால் தூசி 87-ல் ஒரு பங்காகச் சுருங்கிக்கொள்வதில்லை. ஒரு மில்லிமீட்டர் மண் துகள் அந்த எஞ்சின் முன்னால் ஒன்பது சென்டிமீட்டர் ஜல்லிக்கல். உதிர்ந்த தலைமுடி கொடிக்கயிறு. சுவரிலிருந்து இறங்கி வந்து கூட்ஸ் ஷெட்மேல் படுத்துக்கொள்ளும் பல்லி எட்டு மீட்டருக்கு மேல்.

மாசி, பங்குனி தருமபுரிப் பக்கம் புளி சீசன் வேறு. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பதற்கு மொட்டைமாடியைவிடத் தோதான இடம் எது? அறைக்கு வெளியே வீட்டம்மா தட்டத் தட்ட, உள்ளே தண்டவாளத்தில் நாரும் தூளும் படிந்துகொண்டே இருந்தன. அவர் ஒருநாள் முறையிட்டார்.

“புளியால வர்ற அழுக்குக்குப் புளியே மருந்துங்க. குத்துவிளக்குக்குப் போடற மாதிரி போட்டுத் தேச்சுப் பாருங்க” என்று பதில் வந்தது.

இதில் விஞ்ஞானப் பிழை எதுவும் இல்லை. செம்பு கலந்த உலோகத்தின் கறையைப் புளியின் அமிலம் கரைக்கும். தேய்த்தார். தண்டவாளம் பளபளத்தது. எஞ்சின் நான்கு சுற்று சுற்றியது. மறுநாள் காலை பார்த்தால், அப்லைனில் நடைமேடைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நீண்ட சரக்கு ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. கட்டெறும்பு.

அன்றைக்குத்தான் அவர் துடைப்பதற்கென்றே ஒரு ரயில் கட்டுவது என்று முடிவு செய்தார்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்றொருவர் இருந்தார். மாதிரி ரயில் உலகில் அவர் பெயரைச் சொன்னால் நம் ஊரில் தியாகையர் பெயரைக் கேட்ட சங்கீதக்காரர்போல நிமிர்ந்து உட்காருவார்கள். அவருடைய ரயில்வேக்கு அவர் வைத்த பெயர் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’. உச்சரித்தால் ‘ரத்தக்களறியும் தோல்வியும்’ என்று அர்த்தம் வரும். யார்டில் பெட்டிகளை இழுக்க ஒரு டைனோசரை நிறுத்திவைத்திருந்த ஆள். (பல்லியைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை நம்மவருக்கு இதைப் படித்த பிறகுதான் போனது.) 1973 ஜனவரியில் ஆலன் இறந்தார். சில நாட்களிலேயே தீ விபத்தில் அந்த ரயில்வேயின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஆலன் விட்டுப்போன எத்தனையோ உத்திகளில் மிக எளிமையானது இது: ஒரு சரக்குப் பெட்டியின் அடியில் ஹார்டுபோர்டு துண்டு ஒன்று. அதன் முதுகில் ஒட்டிய இரண்டு ஆணிகள் பெட்டியின் தளத்தில் உள்ள துளைகளுக்குள் தொளதொளவென்று நிற்கும். துண்டு தன் சொந்தக் கனத்தில் தண்டவாளத்தின்மேல் படிந்து, ரயில் போகிற இடமெல்லாம் துடைத்துக்கொண்டே போகும். அழுக்கானால் கழற்றி உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து மறுபடி மாட்டலாம். மோட்டார் இல்லை, மருந்து இல்லை.

ஹார்டுபோர்டு, ஒருபக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சாக்குத்துணி நெசவுபோல் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். பிளைவுட் கடைக்காரர் எட்டடிக்கு நாலடி ஷீட்டாகத்தான் தருவேன் என்றார். தேவைப்பட்டதோ தீப்பெட்டி அளவு. சோர்ந்து வீடு திரும்பியவரின் கண்ணில் பட்டது, ஆறாம் வகுப்புப் பேரனின் பரீட்சை அட்டை. முன்பக்கம் கார்ட்டூன் படமும் கிளிப்பும். பின்பக்கம் ஜான் ஆலன் கேட்ட அதே சொரசொரப்பு.

ஓர் ஓரத்தில் துளி வெட்டினால் தெரியாது என்று நினைத்தார். முதல் துண்டு கோணல். இரண்டாவது, ஆணி அடிக்கையில் பிளந்தது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. அதற்குள் பரீட்சை அட்டை தமிழ்நாட்டு வரைபடம்போல் ஆகிவிட்டது. மறுநாள் கணக்குப் பரீட்சை. பையன் முருகன் படம் போட்ட தினசரி காலண்டரின் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். நல்ல மார்க் வந்தது. அந்தப் பெருமை முழுவதும் முருகனுக்கே போயிற்று.

பெட்டி கட்டுவது தனிக்கதை. வெளிநாட்டில் இதற்கென்றே ஸ்டைரீன் தகடு விற்கிறார்கள். இங்கே அதைவிட உயர்ந்த சரக்கு வீட்டுக்கு வீடு இலவசமாக வருகிறது: கல்யாணப் பத்திரிகை. ஒரு மில்லிமீட்டர் கனம், வளையாது, பெயின்ட்டை உறிஞ்சாது. பணக்காரக் கல்யாணம் என்றால் இன்னும் உறுதி. கூரைக்குக் குளிர்பானத் தகர டப்பா, குழாய்களுக்குத் தீர்ந்துபோன பால்பேனா ரீஃபில், கைப்பிடிக்கு மெல்லிய செம்புக் கம்பி, ஒட்டுவதற்கு ஃபெவிக்விக். (அதில் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அரைமணி நேரம் இணைபிரியாமல் இருந்தது கணக்கில் சேராது.) சக்கரங்களும் போகிகளும் மட்டும் விலைக்கு வாங்கியவை, உலோகச் சக்கரங்களாகப் பார்த்து. பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கை ஓரிடத்தில் எடுத்து ஊரெல்லாம் கொடுக்கும். வெளியே இந்திய ரயில்வேயின் சரக்குப் பெட்டிச் சிவப்பு. கூரையைக் கழற்றினால் உள்சுவரில் மணமகன் பெயரும் முகூர்த்த நேரமும் இன்றும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து எடை. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு விதியே வைத்திருக்கிறது. எச்.ஓ. பெட்டிக்கு முதலில் ஒரு அவுன்ஸ். பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டிக்கு நாலு அவுன்ஸ், சுமார் 113 கிராம். பெட்டியைத் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்தார்.

“என்ன பொருளுங்க?” என்றார் கடைக்காரர்.

“ரயிலு.”

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. தராசு 50 கிராம் காட்டியது. மீதி 63. அந்தக் காலத்துத் தடிமனான ஐந்து ரூபாய் நாணயம் செம்பும் நிக்கலும் கலந்தது, சரியாக 9 கிராம். ஏழு நாணயம் போட்டால் 63! உண்டியலில் இருந்து 35 ரூபாய் பெட்டிக்குள் போயிற்று. தண்டவாளத்துக்கு நாணயம் ஒருவகையில் ஒன்றுவிட்ட தம்பி.

வெள்ளோட்டம். பெட்டி அழகாகக் கிளம்பி, முதல் பாயின்ட்ஸில் தண்டவாளம் பிரியும் இடத்தில் அட்டையின் விளிம்பு மாட்டி, எஞ்சினையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. அட்டையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் படகின் மூக்குபோல் சீவிவிட வேண்டும் என்பது ஆலனுக்குத் தெரியும்; ஆர்வத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சீவினார். அடுத்து, காய்ந்த அட்டையைவிட நனைந்த அட்டை நன்றாகத் துடைக்குமே என்று தோன்றியது. எண்ணெய் வகைக் கரைப்பான்கள்தான் தண்டவாளத்துக்கு நல்லது, ஸ்பிரிட் துடைத்தால் கறை சீக்கிரம் திரும்பிவரும் என்று இந்தக் கலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்கிறார்கள். நீலச்சாயம் போட்ட ரேஷன் மண்ணெண்ணெய் ஒரு பழைய பாட்டிலில் மிச்சம் இருந்தது. ரெண்டு சொட்டு விட வேண்டிய இடத்தில் ஒரு மூடி விட்டார். எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழற்றியது, ஐயப்ப சீசன் சேற்றில் மாட்டிய வேன்போல. நிஜ எஞ்சின்களில் இப்படி வழுக்கும்போது சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் ஏற்பாடு உண்டு. இவ்வளவு பாடுபட்டு மண்ணைத் துடைத்தவர் மறுபடி மண்ணைத் தூவுவாரா?

ஆசை அடங்கவில்லை. இரண்டாவது பெட்டியாக ஒரு காந்த வேகன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் துண்டை அடியில் ஒட்டிவிட்டால் சிந்திய குண்டூசி, ஸ்க்ரூ எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்ளும். யோசனை சரிதான். ஆனால் மாடி மொரப்பூரின் ஜல்லி, சலித்த ஆற்றுமணல். பள்ளிக்கூட வயதில் காந்தத்தை மண்ணில் புரட்டி இரும்புத்தூள் சேர்த்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. வேகன் ஒரு சுற்று முடித்துத் திரும்பியபோது இரண்டு குண்டூசி, வீட்டம்மா தேடிக்கொண்டிருந்த ஒரு ஊக்கு, இவற்றோடு நாடக ராஜபார்ட்போல் கருகருவென்று தாடி வளர்த்திருந்தது. அந்தத் தூள் எஞ்சின் மோட்டாருக்குள் போனால் சமாதிதான். காந்த வேகனுக்கு அன்றே கட்டாய ஓய்வு.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே! நிஜ ரயில்வேயிலும் இதே பிரச்சினைதான். ஸ்டேஷன் ஓரத்து சைடிங்கில் நிற்கும் மஞ்சள் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆஸ்திரியாவின் பிளாசர் அண்ட் தொய்ரர் நிறுவனத்தின் வடிவமைப்பு, ஃபரிதாபாத்திலும் தயாராகின்றன. அவற்றில் டேம்பிங் மெஷின் என்பது தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரும்பு விரல்களை ஜல்லிக்குள் விட்டு, நொடிக்கு 35 முறை அதிரவைத்து, ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கும். இன்னொரு மெஷின் ஜல்லியையே தோண்டி எடுத்துச் சலித்து, மண்ணை வெளியே எறிந்துவிட்டு, நல்ல கல்லைத் திரும்பப் போடும். கோடிக்கணக்கில் விலையுள்ள இந்த வண்டிகள் வேலை செய்ய வேண்டுமென்றால் ‘பிளாக்’ கிடைக்க வேண்டும். அதாவது மற்ற ரயில்களை நிறுத்தி லைனைக் கொடுக்க வேண்டும். அது கிடைக்காத பொழுதெல்லாம் அவை சைடிங்கில் வெயில் காயும். மாடியில் பிளாக் கொடுக்கும் அதிகாரம் வீட்டம்மாவிடம் இருக்கிறது. வடகம் காயும் நாளில் கிடைக்காது. புளி சீசனில் கேட்கவே முடியாது.

கடைசியில் ஒரு நல்ல நாளில் எல்லாம் கூடிவந்தது. சீவிய அட்டை, ரெண்டே சொட்டு எண்ணெய், எட்டு சுற்று. கழற்றிப் பார்த்தால் அட்டையின் அடியில் இரண்டு கரிய கோடுகள், குழந்தைக்கு மை தீட்டியதுபோல். எஞ்சின் நிற்காமல் ஓடியது. ஆனால் அதற்குள் பேரனுக்குப் பயணிகள் ரயிலில் சுவாரசியம் போய்விட்டது. துடைப்பம் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்துப் பக்கவாட்டில் எழுதியும் விட்டான். இப்போது அந்தத் தடத்தில் தவறாமல் ஓடும் ஒரே ரயில் அதுதான். மற்ற ரயில்கள் அழுக்குப்படாமல் அலமாரியில் இருக்கின்றன.

அவருக்கு அடுத்த வேலை தயாராக இருக்கிறது. தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே ஒருகாலத்தில் குட்டி ரயில் ஓடியது. பஞ்ச காலத்தில் தானியம் வந்து சேர வேண்டும் என்று போட்ட பாதை. தண்டவாள இடைவெளி இரண்டரை அடி. 1906-ல் ஓட்டம் தொடங்கி, 1913-ல் ஓசூர் வரை நீண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-ல் மூடப்பட்டது. பெயர்த்த பாதை பெயர்த்ததுதான். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே 36 கிலோமீட்டர் அகலப்பாதைத் திட்டம் பின்னாளில்தான் வந்தது. அந்த இரண்டரை அடியை 87-ஆல் வகுத்தால் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் பாதை கச்சிதமாகப் பொருந்துகிறது. அகலப்பாதையில்தான் இடிக்கும். கணக்குப்படி 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டியதை எல்லாரையும்போல 16.5-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். குட்டி ரயிலிலோ அந்தப் பாவம் இல்லை.

அந்தப் பாதையில் ஓட ஒரு பராமரிப்பு வண்டி கட்ட வேண்டும். மெஷின் அல்ல, தள்ளு டிராலி. இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, டிராலிமேன்கள் தண்டவாளத்தின்மேலேயே கால் வைத்து ஓடித் தள்ளுவார்களே, அது. இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் முடிந்துவிடும் வேலை. ஆனால் தருமபுரி லைன் டிராலிக்குக் குடை இருந்ததா, பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, தள்ளியவர்கள் இரண்டு பேரா நாலு பேரா என்று காட்டும் படம் ஒன்றுகூட அவர் கையில் சிக்கவில்லை. மொரப்பூர், தருமபுரி, பாலக்கோடு, ஓசூர்ப் பக்கத்து வாசகர்கள் தயவுசெய்து தாத்தா காலத்து ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு குடும்பப் படத்தின் பின்னணியில் அந்தக் குட்டி ரயிலோ டிராலியோ நின்றுகொண்டிருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை கைவசம் நிறைய இருக்கிறது. இந்த வைகாசியிலும் ஏழு கல்யாணம்.