ஆம்பியர் முள் நடுவில் நிற்கும்வரை

ஞாயிறு காலை ஆறு மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடை வாசலில் மூன்று பழைய வண்டிகள், மூன்று கட்சிகள்.

புல்லட்காரர் சடங்கில் மூழ்கியிருக்கிறார். டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் கிக்கரை மிதிக்கலாம். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். அந்தத் தழும்பையும் பரம்பரைச் சொத்துபோல் வேட்டியை மடித்துக் காட்டுவார். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வண்டிதான். ஆனால் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்த பிறகு அது திருவொற்றியூர்ப் பிள்ளை என்பது அவர் வாதம்.

“பூஜை இன்னும் முடியலையா மச்சான்?” இது ஆர்எக்ஸ் 100 கட்சி. பெயரில் நூறு, என்ஜினில் 98 சிசி. மீதி இரண்டைப் பேச்சில் ஈடுகட்டுவார். 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. விற்க வருகிறவர் எல்லோரும் இன்றுவரை ‘சிங்கிள் ஓனர்’ என்றே சத்தியம் செய்கிறார்கள்.

“நீ முதல்ல கொசுமருந்து அடிக்கிறதை நிறுத்துடா!”

டூ-ஸ்ட்ரோக் புகைக்கு நடுவே யெஸ்டிக்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் வண்டியில் கிக்கரே கியர் லீவர்; ஒரே ஆளுக்கு இரண்டு வேலை, சம்பளம் ஒன்று. அரசு அலுவலகத்தில் இருக்கிறவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

புல்லட் ‘டுப் டுப்’ என்று உயிர்பெற்றபோது டீ ஆறியிருந்தது. இன்னொரு ரவுண்டு சொன்னார்கள்.