என்றும் பதினாறு: எத்தனை மில்லிகிராம்?

கேள்வி: என்.எம்.என். மாத்திரை சாப்பிட்டால் செல்களுக்கு இளமை திரும்புமாமே, உண்மையா? (வாசகர், திருச்சி)

பதில்: இதே கேள்வியை ஓர் எலி கேட்டிருந்தால் பதில் இன்னும் தெம்பாக இருக்கும். மனிதரைப் பொறுத்தவரை கிடைத்திருப்பது கொஞ்சம்தான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம், மாதவிடாய் நின்ற, சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 25 பெண்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. முடிவு 2021-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் தினம் 250 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களின் தசைகள் இன்சுலினுக்கு முன்னைவிட நன்றாக இணங்கின, நல்ல செய்திதான். ஆனால் எடையோ ரத்தச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இறங்கவில்லை. இதை வைத்து முதுமையை வென்றதாக விளம்பரம் செய்வது அநியாயம்.

கேள்வி: அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது?

பதில்: என்.ஏ.டி. என்ற பொருளாக மாறுகிறது. சாப்பாட்டைச் சக்தியாக்க ஒவ்வொரு செல்லுக்கும் அது வேண்டும். வயது ஏற ஏறச் சில திசுக்களில் அது குறைகிறது. வியாபாரம் தொடங்குவது இங்கேதான்.

அதே என்.ஏ.டி.யை நியாசின் என்னும் வைட்டமின் பி3-லிருந்தும் உடல் தயாரித்துக்கொள்ளும். நியாசின் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாடே கண்டது. சோளமே முக்கிய உணவாக இருந்த தக்காணத்து ஏழைகளுக்குத் தோல் கறுத்து உரிந்து, வயிறு கெட்டு, மனமும் கலங்கும் பெல்லக்ரா வந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஹைதராபாத்தில் அதை ஆராய்ந்தார். சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்னும் அமினோ அமிலத்தை அவர் காரணமாகக் காட்டினார். அந்த நோயாளிக்கு நியாசின் உயிர் காக்கும் மருந்து. பருப்பும் மீனும் வேர்க்கடலையும் வயிறாரச் சாப்பிடுகிறவருக்கு அதே அதிசயம் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: ரெட் ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் ஆயுளைக் கூட்டும் என்று என் கணவர் சாதிக்கிறார். (வாசகி, கோவை)

பதில்: 2006-ல் வந்த ஆய்வில், கொழுப்பு தின்று பருத்த எலிகள் அந்தப் பொருளால் கூடுதல் நாள் பிழைத்தது உண்மை. கொடுத்த அளவு, கிலோ எடைக்குச் சுமார் 22 மில்லிகிராம். அப்படியே 60 கிலோ மனிதருக்குப் பெருக்கினால் 1,300-ஐத் தாண்டும். ஒயினிலோ லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான்! தினம் நூற்றுக்கணக்கான லிட்டர் குடித்தால் கணக்கு நேராகும். குடிக்கிறவர் நேராக நிற்க மாட்டார்.

ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் கியான்டி வட்டாரத்தில், 65 வயதைத் தாண்டிய 783 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் தடயம் அதிகம் இருந்தவர்கள் அதிகம் வாழவில்லை என்று 2014-ல் தெரிந்தது. ரெஸ்வெரட்ரால் ஆராய்ச்சியை நம்பி, 2008-ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் 72 கோடி டாலருக்கு வாங்கிய சர்ட்ரிஸ் என்ற நிறுவனம், 2013-ல் மூடப்பட்டது. கணவருக்குத் திராட்சைப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே?

பதில்: இந்த நினைப்புதான் ஆபத்து. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு பகுதியினருக்கு, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-ல் இந்த முடிவு வந்தபோது மருத்துவ உலகமே திடுக்கிட்டது. கேரட் யாரையும் அப்படிச் செய்ததில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. அப்படியானால் எந்த மாத்திரையுமே வேண்டாமா?

பதில்: குறை இருந்தால் கட்டாயம் வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்காகப் பல ஆண்டு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் கே மாத்திரையைத் தொடவே கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அப்பாவின் அலமாரியிலிருக்கும் எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள்.