ஒரு வீட்டுக்கு நான்கு சூரியன்

கட்டடக்கலை மாணவர்களின் டிராயிங் ஷீட்டில் சூரியனுக்கு இடமாற்றமே கிடையாது. எப்போதும் இடப்பக்கம், எப்போதும் 45 டிகிரி. தெற்குச் சுவரை வரைந்தால் மேற்கிலிருந்து வெயில். வடக்குச் சுவரை வரைந்தால் கிழக்கிலிருந்து. நான்கு எலிவேஷன் போட்டு முடிப்பதற்குள் ஒரே வீட்டுக்கு நான்கு சூரியன் உதித்துவிடும்.

இதற்கு நியாயமும் உண்டு. 45 டிகிரியில் சன்ஷேடு எத்தனை அடி நீட்டியிருக்கிறதோ, அத்தனை அடி நிழல் கீழே விழும். நிழலைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878இல் ராஜாஜி பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். அந்தத் தெருவில் மாணவர்களை உட்காரவைத்து ஷேடிங் சொல்லித்தரும் ஆசிரியருக்கு முதலில் வரும் புகார்: "சார், வெயில் தப்பான பக்கம் அடிக்குது!"

தொரப்பள்ளி வெயில் பாடப்புத்தகம் படித்ததில்லை. டிசம்பர் உச்சிவேளையில், தெற்குச் சுவரின் 2 அடி சன்ஷேடு ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி நிழல் தரும். ஜூனில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். அதே சன்ஷேடு வடக்குச் சுவரில் 10 அடிக்கு மேல் நிழலை இறக்கும். அதாவது சுவர் முழுக்க.

அடுத்த பிரச்சினை கட்டைவிரல். 2எச் பென்சிலில் கோடு, அதன்மேல் குறுக்குக் கோடு, ஆழமான இடத்துக்கு 4பி என்று ஹேட்சிங்கைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தால், பையன் விரலால் ஒரு தேய் தேய்த்து, "ஷேடு வந்துடுச்சு சார்" என்பான். வந்தது ஷேடு அல்ல, அழுக்கு. வெயில் படாத பக்கம் ஒரு கறுப்பு. அது தரையில் வீழ்த்தும் நிழல் அதைவிட ஒரு படி கறுப்பு. தேய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

1792இல் பக்கத்து ராயக்கோட்டை மலைக்கோட்டையை வரைந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் விரலை நம்பவில்லை. செப்புத் தகட்டில் பிசின் தூள் தூவி, கறுப்பு வேண்டிய இடத்தை அமிலத்தில் கூடுதல் நேரம் ஊறவிட்டு அச்செடுத்தார்கள். அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' 1795இல் தொடங்கி 1808 வரை வெளிவந்தது. சப்மிஷனுக்கு ஒரு வாரம் தவணை கேட்கும் மாணவர்கள் இந்த ஒரு தகவலை மட்டும் மறப்பதே இல்லை.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு எதுக்கு?" என்று யாராவது கேட்டால் வாதாடாதீர்கள். ஜூன் மாதம் ஒருநாள் முழுக்க அவரை அந்த ஜன்னலோரம் உட்காரவையுங்கள்.