ஏற்றக் கூலி இல்லை, இறக்கக் கூலி உண்டு

மேகக் கணினியில் காணொளியைக் குறிமாற்றும் வேலை கோப்பை ஏற்றுவதில் தொடங்குகிறது. 50 ஜிபி படம், 20 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏறி முடிய ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். அதனால் கோப்பைத் துண்டு துண்டாக அனுப்புவது வழக்கம்; இணைப்பு அறுந்தால் விட்ட துண்டிலிருந்து தொடரலாம். பாதியில் கைவிட்டால், அமேசான் எஸ்3 போன்ற கிடங்குகளில் அந்த அரைகுறைத் துண்டுகள் கோப்புப் பட்டியலில் தென்படா. வாடகைப் பட்டியலில் தவறாமல் தென்படும்.

குறிமாற்றத்தில் ஒரு படம் ஊராகப் பெருகும். இரண்டு மணி நேரப் படத்தை ஐந்து தரங்களில், ஆறு விநாடித் துண்டுகளாக்கினால் 6,000 கோப்புகள். உள்ளே வரப் பெரும்பாலும் கட்டணமில்லை. வெளியேறத்தான் ஜிபி கணக்கில் சுங்கம். பழையவற்றைத் தானாக அழிக்கும் விதியை அமைக்காதவர், யாரும் பார்க்காத படத்துக்கு மாதந்தோறும் மொய் எழுதுவார்.