145 டாலர் மகராசன்

ஏலே பேராண்டி, இங்க வா. தேர்தல்ல நிக்கணும்னா கோடி கோடியாப் பணம் வேணும்னு யாருல உனக்குச் சொன்னது? அமெரிக்காக்காரனா? அவன் சொல்லத்தான் செய்வான். விளம்பரத்துக்கு ஒரு ஆளு, எப்பச் சிரிக்கணும்னு சொல்லிக்குடுக்க ஒரு ஆளு, எந்தச் சட்டை போடணும்னு பாக்க ஒரு ஆளு. அத்தனை பேருக்கும் சம்பளம் வேண்டாமா?

அதே நாட்டுலதான் வில்லியம் பிராக்ஸ்மயர்னு ஒரு மனுசன் இருந்தாரு. விஸ்கான்சின் மாநிலம், பால்மாட்டுச் சீமை. படிச்சது யேல், ஹார்வர்டு. போகட்டும், மன்னிச்சிருவோம். 1951-ல மாநிலச் சட்டசபைக்குள்ள காலை வச்சாரு. சூடு ஆறுமுன்ன கவர்னர் ஆசை. 1952-ல நின்னாரு, தோத்தாரு. 54-ல தோத்தாரு. 56-லயும் தோத்தாரு. நீயா இருந்தா மொதத் தோல்விக்கே செல்போனை அணைச்சிட்டுக் குப்புறப் படுத்திருப்ப. அந்த மனுசன் ஆலை வாசல்லயும் பொருட்காட்சியிலயும் நின்னு வாறவன் போறவன் கையையெல்லாம் புடிச்சுக் குலுக்குனாரு. 1957-ல செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி செத்துப்போனாரு. கண்டவனையெல்லாம் கம்யூனிஸ்டுன்னு மிரட்டுன ஆளு அவரு. அந்த எடத்துக்கு நடந்த தேர்தல்ல இவரு செயிச்சாரு. அப்புறம் 31 வருசம் யாராலயும் கெளப்ப முடியல.

1982 தேர்தலுக்கு அவரு செலவழிச்சது எவ்வளவு தெரியுமா? 145 டாலர். அதுவும் பெரும்பாலும் எதுக்குல? நன்கொடை அனுப்புனவனுக்கு, உன் காசு எனக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்புன தபால் செலவு! வாங்காததுக்கும் செலவு வருது பாத்தியா.

வேலைக்குப் போனாரா? 22 வருசமா 10,252 ஓட்டெடுப்பு, ஒண்ணு விடல. உன் காலேஜ் அட்டென்டன்ஸ் எவ்வளவுல? சரி, கேக்கல.

இனப்படுகொலையைத் தடுக்க 1948-லயே ஐ.நா. ஒரு ஒப்பந்தம் போட்டுது. அமெரிக்க செனட் அதைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு. இவரு 1967-லேர்ந்து, சபை கூடுத நாளெல்லாம் எந்திரிச்சு அதைப் பத்திப் பேசுனாரு. 3,211 பேச்சு. 1986-ல ஒத்துக்கிட்டாங்க. அம்மி நகந்துட்டுல்லா?

1975-லேர்ந்து மாசாமாசம் ஒரு விருது வேற குடுத்தாரு. 'தங்கக் கம்பளி'ன்னு பேரு. வரிப்பணத்தை வீணாக்குனவனுக்குத்தான். மனுசனுக்கு ஏன் காதல் வருதுன்னு ஆராய 84,000 டாலர் குடுத்தாங்களாம், மொத விருது அதுக்கு. முக்குல நிக்க பயலுவட்ட கேட்டா ஓசியில சொல்லுவானுவ.

ஆனா கிண்டலுக்கும் ஒரு அளவு உண்டுல்லா? கொரங்கு ஏன் பல்லைக் கடிக்குன்னு பாத்த ஒரு ஆராய்ச்சிக்காரரையும் சீண்டிட்டாரு. அந்தாளு கோர்ட்டுக்குப் போயிட்டாரு. 1979-ல சுப்ரீம் கோர்ட்டு, செனட்டரா இருந்தாலும் வெளியில அச்சடிச்சு அனுப்புனதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்னுட்டு. கடைசியில 10,000 டாலர் குடுத்துச் சமாதானம். எத்தனை தேர்தல் செலவு அது, கணக்குப் போட்டுக்கோ.

இன்னொண்ணும் கேளு. ஊரான் செலவையெல்லாம் வெட்டச் சொன்னவரு, பால் விலைக்கு அரசாங்கம் முட்டுக்குடுக்கணும்னா மட்டும் கையைத் தூக்கிருவாரு. ஓட்டு மாட்டுக்கொட்டகையிலல்லா இருக்கு! 1972-ல தலையில முடி நட்டுக்கிட்டாரு. சிக்கனக்காரருக்கும் சீப்பு ஆசை விடல. பணம் அவரு பணம், நமக்கென்ன.

அதனால சொல்லுதேன், சிக்கனம்னு ஒருத்தன் வந்தா உடனே கும்புட்டு விழாத, ஏசவும் செய்யாத. வேலைக்கு ஒழுங்கா வாறானான்னு பாரு. யார் காசுல நிக்கான்னு பாரு. தன் ஊரு பாலுக்கு வந்தா கத்தரிக்கோலு மொட்டையாயிருதான்னும் பாரு. அப்புறம் ஓட்டைப் போடு. கையை நீட்டுனா தாராளமாக் குலுக்கிக்கோ. அதுக்குத் துட்டு கெடையாது.