ஓட ஓர் இடம்: கேள்வி-பதில்

திருப்பூரில் ஓட இடமே இல்லையா? கோவை ரேஸ் கோர்ஸுக்குத்தான் போகணுமா?
ஒரு வாசகர், அவிநாசி

நஞ்சராயன் குளம் இருக்கிறதே! 125 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. பறவைகள் சரணாலயம்; 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் கரைக்குப் போனதும் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். நீங்கள் ஓடினால் நாமக்கோழியும் ஓடிவிடும்.

நொய்யல் கரையில் ஓடலாமா?
ஒரு வாசகி, மங்கலம்

முதலில் நொய்யல் ஓடட்டும்!

அதில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதை இந்த ஊர் மறக்கக் கூடாது.

ஓடுவதற்குப் பருத்தி பனியனா, பாலியஸ்டரா?
ஒரு வாசகர், பல்லடம்

மூன்று கிலோமீட்டருக்குப் பருத்தி, பத்துக்குப் பாலியஸ்டர். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடாது. கனத்துத் தொங்கி, மார்பை உரசிப் புண்ணாக்கும். பாலியஸ்டர் வேர்வையை வெளிப்பக்கம் கடத்திக் காயவைக்கும். பனியன் ஊர்க்காரனான எனக்கு இதைச் சொல்ல வருத்தம்தான்.

கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். நான் எப்போது ஓட?
ஒரு வாசகி, அனுப்பர்பாளையம்

காலை எட்டரைக்குச் செக்கிங் மேஜை முன் நின்றால் இரவு எட்டரைக்குத்தான் இறங்குகிறீர்கள். பிசிறு வெட்டி வெட்டிக் கட்டைவிரல் காய்த்திருக்கும், கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். அந்தக் காலை ஓடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் படுங்கள். உங்கள் கைபட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவில் யாரோ ஓடிக்கொண்டிருக்கிறார். எட்டு மணி நேரத்தில் உங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உங்கள் முதலாளிக்கு நான் எழுதட்டுமா?