கொழுத்தவனுக்குக் கொள்ளு, எத்தனை நாளைக்கு? அரைக்கிலோவியல் குறித்த ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது தமிழரின் மிகச் சுருக்கமான மருந்துச் சீட்டு. நோயாளி யார் என்று சொல்கிறது. மருந்து எது என்றும் சொல்கிறது. வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. இந்த விடுபாட்டின் விளைவுகள் பாரதூரமானவை. ஞாயிறு இரவு கொள்ளு ரசம் குடித்தவர் திங்கள் காலை எடை பார்க்கிறார். முள் அசையவில்லை. செவ்வாய்க்குள் கொள்ளின் மீதும் புதனுக்குள் சித்த மருத்துவம் முழுவதன் மீதும் நம்பிக்கை இழக்கிறார். பழமொழித் தொகுப்பாளர்கள் எவரும் தொடாத அந்த 'எத்தனை நாளைக்கு' என்ற வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோடிகள்

இத்துறையின் மூலவர் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ. நாற்காலியைத் தராசில் தொங்கவிட்டு அதில் அமர்ந்துகொண்டு, உண்டதையும் கழித்ததையும் தம்மையும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் எடைபோட்டார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு இடித்தது. மிச்சம் தோல் வழியும் மூச்சு வழியும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று முடிவு கட்டி, 1614இல் நூல் வெளியிட்டார். எடை பார்ப்பது வேறு, எடை குறைப்பது வேறு என்பதற்கு அவரே முதற் சான்று.

அடுத்தவர் லண்டன் வில்லியம் பாண்டிங். சவ அடக்க ஏற்பாடுகள் செய்து தருவது தொழில். ஆகவே எல்லாப் பருமனும் எங்கே போய் முடியும் என்பதைத் தொழில்முறையில் அறிந்தவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் துறந்து, 202 பவுண்டிலிருந்து ஓராண்டில் 46 பவுண்டு இறங்கினார். 1863இல் அதைச் சிறுநூலாக அச்சிட்டு ஊருக்கும் சொன்னார். நூலைப் படித்தவர்கள் 46ஐப் பார்த்தார்கள். வகுத்துப் பார்த்தவர்கள் குறைவு. வகுத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம்தான்.

தமிழகத்துச் சான்று நேர் எதிரானது. முதலாம் ராசராசன் திருவிசலூர்க் கோயிலில் துலாபாரம் புகுந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. எடைக்கு எடை பொன் என்பது துலாபாரம். மன்னன் இளைத்தால் நட்டம் கோயிலுக்கு. எனவே சோழர் காலத்தில் எடைக்குறைப்புக்கு அரச ஆதரவோ, ஆலய ஆதரவோ இருந்திருக்காது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

எனினும் நிதானமான எடைக்குறைப்பில் ஒப்பற்ற சாதனையாளர் மனிதரே அல்லர். பாரிஸை அடுத்த செவ்ரில் 1889 முதல் உலகத்துக்கே ஒரு கிலோவாக விளங்கிய பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் அது. கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்தும், சுமார் நூறு ஆண்டுகளில் அதன் நகல்களோடு ஒப்பிட 50 மைக்ரோகிராம் வேறுபட்டிருந்தது. அதாவது ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. உருளை இளைத்ததா, நகல்கள் பருத்தனவா என்பது தீராத வழக்கு. கல்யாண வீடுகளில் சம்பந்திகளிடையே எழும் வழக்கும் இதுவே. இறுதியில் 2019 மே 20 முதல் உருளையைப் பணியிலிருந்து விடுவித்து, கிலோவைப் பிளாங்க் மாறிலியிடம் ஒப்படைத்தார்கள். இளைத்தவருக்கு உலகம் அளிக்கும் மரியாதை இவ்வளவுதான்.

3. கணக்கியல்

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. தினமும் 500 கிலோகலோரி குறைத்து உண்டால் வாரத்துக்கு 3,500. கரைவது அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 கிராம். வீட்டு எடை மெஷினோ பெரும்பாலும் 100 கிராம் வீதம்தான் நகரும். ஒரு நாள் முழுக்கப் பசியடக்கிய தவத்தின் பலனைக் காட்டும் திறன் அந்தக் கருவிக்கே கிடையாது.

இதற்கிடையில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் 300 கிராம். ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் உப்பு தன் பங்குக்கு உடலில் நீரைப் பிடித்து வைக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரை உடன் வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்குவது இந்தத் தண்ணீர் வடிவதால்தான். அந்த வாரம்தான் ஆய்வுக்குட்பட்டோர் புதுச் சட்டை வாங்குகிறார்கள்.

பிறகு வருவது தேக்கநிலை. உடல் சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும். அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் முன்போல் எடை இறங்குவதில்லை. உடல் துரோகம் செய்கிறது என்று எண்ணுவது பிழை. சிறிய குடும்பத்துக்குச் சிறிய மளிகைப் பட்டியல், அவ்வளவே.

4. களஆய்வில் கண்ட விதிகள்

பொங்கல்-வடை விதி: ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 200 முதல் 300 கிலோகலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120. பூங்காவைச் சுற்றி நடந்து, வாசலில் அருகம்புல் சாறு குடித்து, எதிர்க்கடையில் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுத் திரும்பும் குழுவின் எடை மாறாமலே இருக்கும். நட்பு மட்டும் வளரும்.

'ஒண்ணே ஒண்ணு' விதி: "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது" என்ற கூற்று தனித்தனியே ஒவ்வொரு முறையும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய். தர்க்க சாத்திரத்தில் இத்தகைய கூற்றுக்குத் தனி வகைப்பாடு தேவை.

சுகர் விதி: மெல்ல இளைப்பவரை மாதக்கணக்கில் எவரும் கவனிப்பதில்லை. கவனிக்கும் நாளில் பாராட்டுவதும் இல்லை. "என்னடா, இப்படித் துரும்பாப் போயிட்டே? சுகர் செக் பண்ணியா?" என்கிறார் பெரியம்மா. சென்ற ஆண்டு "ஒரு சுத்து பெருத்துட்டியே" என்று வருந்தியவரும் இவரே. இந்த அளவுகோலில் சரியான எடை என்று ஒன்று இல்லவே இல்லை.

பஞ்சாங்க விதி: எந்த டயட்டும் திங்கட்கிழமையில்தான் தொடங்கும். புரட்டாசி முடியட்டும் என்பார்கள், தீபாவளி வரும். தீபாவளி முடிந்தால் கல்யாணங்கள், பிறகு பொங்கல். தமிழ் ஆண்டில் இளைப்பதற்கென்று ஒதுக்கிய மாதம் எதுவும் இல்லை.

5. முடிவுகள்

முதலாவது, கால அளவு. பத்துக் கிலோ குறைக்க, வாரம் அரைக்கிலோ வீதம் ஏட்டில் இருபது வாரம். தேக்கநிலையையும் பண்டிகைகளையும் சேர்த்தால் ஓராண்டு. பாண்டிங்குக்கும் ஓராண்டுதான் ஆயிற்று. இத்தனைக்கும் அவருக்குத் தீபாவளி கிடையாது.

இரண்டாவது, கருவி. எடையை வாரம் ஒருமுறை, அதே மெஷினில், அதே வேளையில் பார்த்து மாதத்துக்கு மாதம் ஒப்பிட வேண்டும். அன்றாட எண் பொய்ச்சாட்சி. தையற்காரர் நாடா அதைவிட நாணயமானது: இந்தியர்க்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்.

மூன்றாவது, பிழை. விருந்தில் ஆயிரம் கிலோகலோரி கூடுதலாக உண்டால் சேரக்கூடிய கொழுப்பு ஏறத்தாழ 130 கிராம். மறுநாள் மெஷின் காட்டும் ஒன்றரைக் கிலோவில் மீதியெல்லாம் உப்பும் தண்ணீரும் இன்னும் வழியில் இருக்கும் பாயசமும். ஒரு நாள் உழைப்பு கருவியில் தெரியாது என்றால், அதே தர்க்கப்படி ஒரு நாள் பிழையும் பெரிதன்று. எடைக்குறைப்பைக் கெடுப்பது மைசூர்பாகு அல்ல. மைசூர்பாகு சாப்பிட்ட பிறகு "எல்லாம் போச்சு" என்று எடுக்கும் தீர்மானமே.

ஆகவே வாசகர்க்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: மதியச் சாப்பாட்டில் தவறினால் இரவுச் சாப்பாட்டில் மீண்டும் தொடங்குங்கள், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.